வெட்டுப்பட்ட இரண்டு வரி

‘பொருநை முழக்கம்’ நாளிதழ் வளர்ந்ததற்கு உழைப்பு, நேர்மை, தமிழ்ப்பற்று என்று மூன்று காரணங்களை அதன் நிறுவனர்-ஆசிரியர் தில்லைநாயகம் மேடைதோறும் சொல்லிவந்தார். அச்சுக்கூட ஃபோர்மேன் முகம்மது இப்ராஹிமைக் கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வார். “அன்னைக்கு அல்வாக்கடை விளம்பரம் பிந்தி வந்துச்சு வே. அவ்வளவுதான்.”

அன்றைக்கு என்பது 1991 ஐப்பசியில் ஒரு நாள். முழக்கத்துக்கு அப்போது நான்கே பக்கம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சந்துக்குள் கீழே அச்சுக்கூடம், மேலே ஆசிரியர் இலாகா. செய்தி படிக்கிறவர்களைவிட வடை வாங்குகிறவர்கள்தான் அதை அதிகம் பிரித்துப் பார்த்தார்கள். தில்லைநாயகத்தின் முன்னோருக்கு ஆற்றுப் பாசனத்தில் நிறைய வயல் இருந்தது. வயல் போய்விட்டது, தோரணை போகவில்லை. அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது என்று தெரியாமல் பத்திரிகை ஆரம்பித்தார். தன்னை ‘நாம்’ என்றே சொல்லிக்கொள்வார். நாற்காலிக்கு மேலே சட்டம் போட்டு ஒரு வாசகம் தொங்கியது: ‘அச்சேறியது அழியாது.’ அதற்கு நடைமுறைப் பொருள், முழக்கம் எந்தக் காலத்திலும் திருத்தமோ மறுப்போ போடாது என்பது. எழுத்துப் பிழைக்குக்கூட.

அன்று உதவி ஆசிரியர் கோமதிசங்கர் டீக்கடையில் பாபநாசம் பஸ் கண்டக்டர் பெருமாள்ராஜைப் பார்த்தார்.

“நேத்து பொழுது மங்குத நேரம், ஆலடிப்பத்து கால்வாய்ப் பாலத்துல ஒரு பொண்ணு கையக் காட்டுதா வே,” என்றான் பெருமாள்ராஜ். “பச்சைத் தாவணி. சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்கா. மழையா, ஒண்ணும் கெடையாது. டிரைவர் அண்ணாச்சி பிரேக்க மிதிச்சுட்டாரு. முருகா முருகாங்காரு. வண்டியில ஒருத்தன் மூச்சு விடலைங்கேன்.”

“பொறவு?”

“பொறவு என்ன? ஏறி ஜங்ஷனுக்கு டிக்கெட் கேக்கா. நோட்டும் நனைஞ்சிருக்கு. ஜன்னலோரம் உக்காந்து தலையத் துவட்டுதா. நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டோம்.”

கோமதிசங்கர் இதைப் பத்து வரியில் எழுதினார். எட்டு வரி பயமுறுத்தும்படி எழுதி, கடைசி இரண்டு வரியில் அவளை ஏற்றி டிக்கெட் எடுக்கவைத்து வாசகரைச் சிரிக்கவிடுவது அவர் திட்டம். எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறம்தான் அல்வாக்கடை விளம்பரம் வந்தது. முழக்கத்தில் சட்டம் இது: விளம்பரத்தில் கை வைக்கக் கூடாது, செய்தி மிஞ்சினால் அடியிலிருந்து வெட்டு. இப்ராஹிம் கடைசி இரண்டு வரியை உருவி, ஈய எழுத்துகளைப் பிரித்து எழுத்துப்பெட்டி அறைகளில் போட்டுவிட்டார்.

காலையில் திருநெல்வேலிச் சீமை படித்தது, பொழுது மங்கும் வேளையில் ஈரத் தலையோடு ஒரு பெண் கால்வாய்ப் பாலத்தில் நின்று பஸ்ஸை மறிக்கிறாள் என்பதோடு முடிந்த ஒரு செய்தியை. அதற்கு அடியில் அல்வா.

மறுநாள் நாங்குநேரி ஏஜெண்ட் இரண்டு கட்டு கூடுதலாகக் கேட்டார். சாத்தான்குளம் ஏஜெண்ட் நேரிலேயே வந்துவிட்டார். தாங்களும் அவளைப் பார்த்ததாக வாசகர்கள் எழுதினார்கள். பாலத்தைக் கடக்காதவர்கள் இன்னும் விவரமாக எழுதினார்கள்.

பிறகு ஒருநாள் சுடலைக்கண்ணு வந்தார். ஆலடிப்பத்தில் கூலி வேலை செய்கிறவர், எழுத்துக் கூட்டத் தெரியாதவர். மடித்த முழக்கத்தை வேட்டி மடியில் செருகியிருந்தார்.

“ஐயா, அது எம் மக,” என்றார்.

பெண் பெயர் முத்துராணி. தாயில்லாப் பிள்ளை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன் என்று நின்றாள். பாலத்தில் வைத்து வார்த்தை முற்றியது. ஓர் அறை விட்டார். அவள் தவறிக் கால்வாயில் விழுந்தாள். மலையில் பெய்த மழைத் தண்ணீர், இரு கரையும் தொட்டு ஓடியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரையோரம் ஓடினார். இருட்டிவிட்டது. ஆளும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

“கரையேறிப் போயிருப்பாளோன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு ஐயா. எங்கயாச்சும் நல்லாருப்பான்னு. பேப்பர்ல போட்ட பொறவு அந்த நெனப்பும் போயிட்டு.”

கோமதிசங்கர் எழுந்துவிட்டார். “இல்ல பெரியவரே, அந்தப் பொண்ணு பஸ்ஸுல...”

“கோமதி, காபி சொல்லும் வே,” என்றார் தில்லைநாயகம்.

காபியோடு கோமதிசங்கர் திரும்புவதற்குள் சுடலைக்கண்ணுவைப் படம் எடுத்து, கண்ணைத் துடைத்து, ஆபீஸ் வண்டியிலேயே ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. ‘கொன்றேன், கும்பிடுகிறேன்: ஒரு தந்தையின் கதறல்’ என்று முதல் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. அன்றுதான் முழக்கம் ஆறு பக்கம் ஆனது.

அநியாயமாகச் செத்தவளை அந்தப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். பாலத்தருகே மண்ணால் பீடம் எழும்பியது. கொன்ற கையாலேயே விளக்கேற்ற வேண்டும் என்று ஊர் கூடிச் சொன்னது. சுடலைக்கண்ணு ஏற்றினார். விசாரிக்க வந்த ஏட்டையா முதல் தேங்காயை உடைத்தார். ஆண்டுக்கொரு கொடைவிழா, வில்லுப்பாட்டு, பச்சைச் சேலை சாத்துதல். பஸ்ஸுக்காரர்களும் ஒரு வழக்கம் உண்டாக்கினார்கள். சாயங்கால வண்டி பாலத்தில் ஒரு கணம் நின்று, யாரும் கேட்காமலே இரண்டு விசில் வாங்கிக்கொண்டு போகும்.

கோமதிசங்கர் ஒருதரம் ஆலடிப்பத்துக்கே போய் அந்த இரண்டு வரியை வாயால் சொல்லிப் பார்த்தார். சுடலைக்கண்ணு பொறுமையாகக் கேட்டார். “ஆறுதலுக்குச் சொல்லுதீய. பேப்பர்ல அப்படி இல்லையே ஐயா.” பெருமாள்ராஜை சாட்சிக்கு இழுத்ததில் விஷயம் இன்னும் மோசமானது. “ஏறுனான்னுதான் நெனச்சேன்,” என்றான் அவன். “பேப்பர் படிச்ச பொறவு எனக்கே சந்தேகமா இருக்கு அண்ணாச்சி. நோட்டு நனைஞ்சிருந்துச்சுல்லா?”

அதற்குப் பிறகு கோமதிசங்கர் செய்தி ஆசிரியர் ஆனார். மின்விசிறியுள்ள அறை கிடைத்தது.

முழக்கம் எட்டுப் பக்கமாயிற்று. நாகர்கோவில் பதிப்பு வந்தது. கோட்டயத்தில் யாரோ கழித்துப் போட்ட ஆப்செட் மெஷின் மாலை மரியாதையோடு வந்து இறங்கியது. அந்தச் சந்துக்கு வெளியே நாலு மாடி ‘பொருநை பவனம்’ எழும்பியது. ஆனால் பக்கம் முடிக்கும்போது மட்டும் ஒரு தொல்லை தீரவே இல்லை. எந்தப் பக்கத்தைக் கட்டினாலும் கடைசிப் பத்தியில் இரண்டு வரி இடம் காலியாக நின்றது. ஈயம் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் நின்றது. ‘நீரைச் சேமிப்போம்’ என்று போட்டு அடைத்தார்கள்.

“வெட்டுன வரி எங்க போகும்?” என்பார் இப்ராஹிம். “அதுவும் அகால மரணம்தான. இடந்தேடிச் சுத்துது.”

“நீங்க ஒரு பாய், நீங்களே இப்படிப் பேசுதீயளே?” என்பார் கோமதிசங்கர்.

“எனக்கென்ன பயம்? ஒங்க முதலாளியக் கேளும். பாபநாசம் போறதுன்னா கடையம் சுத்திப் போறாரு.”

அது உண்மை. தில்லைநாயகத்துக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பகுத்தறிவு பற்றித் தலையங்கம் எழுதுகிறவர். ஆலடிப்பத்து வழியாகச் சாலை சரியில்லை என்பார். காரில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். ஜீரணத்துக்கு என்பார்.

1996இல் தூத்துக்குடிப் பதிப்பு தொடங்க நாள் குறித்தார்கள். முத்துராணி கொடையன்றே. சிறப்பு மலர் உண்டு. மலர் முகப்புக்கு ஓவியர் ஒருவர் முத்துராணியை வரைந்திருந்தார். சுடலைக்கண்ணுவின் ஜாடை எங்கும் இல்லாமல், சினிமாப் போஸ்டர் நாயகி கால்வாயில் விழுந்து எழுந்த மாதிரி.

அந்த வாரம் ஒரு மத்தியானம் முத்துராணியே படியேறி வந்தாள்.

கையில் ரெக்ஸின் பை, காலில் பிளாஸ்டிக் செருப்பு. திருப்பூரில் கூட வேலை செய்கிற நெல்லைப் பெண் ஊரிலிருந்து முறுக்கு கொண்டுவந்திருக்கிறாள். பொட்டலம் கட்டியிருந்த தாளில் முத்துராணி தன் ஊர்ப் பெயரைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் தன் பெயரை. அப்புறம் தன் அப்பாவின் படத்தை.

கோமதிசங்கரின் மேஜைக்கு எதிரே நின்று சொன்னாள். “நேரா வீட்டுக்குத்தான் போனேன் சார். உச்சி வெயிலு. எங்க அப்பா வாசல்ல கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தாரு. எப்பான்னேன். நெடுஞ்சாண்கிடையா கால்ல விழுந்துட்டாரு. தாயி, உச்சிப்பொழுதுல வந்துட்டியே, என்ன குறை வச்சேங்காரு. நான்தான்ப்பா, உயிரோட இருக்கேங்கேன். சூடத்தக் கொளுத்துதாரு. பசிச்சுது. சோறு போட்டாரு, தின்னேன். அம்மன் படையலை ஏத்துக்கிட்டான்னு தெருவக் கூட்டிட்டாரு. அழுதேன். அதுக்கும் கும்புட்டாங்க.”

“ஒருத்தருக்குமா அடையாளம் தெரியல?”

“நல்லாத் தெரியுது. தெரிஞ்சுதான் கும்புடுதாங்க.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அன்னைக்கு நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் கரையேறிட்டேன் சார். அவரு எம் பேரைச் சொல்லிக் கத்துனது கேட்டுச்சு. கோவத்துல பதில் குடுக்கல. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். ஏன்னு ஒரு குரல் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். அவரு என்னைக் கொல்லலைன்னு அவருக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம். என்ன சொன்னாலும், பேப்பர்ல போட்டிருக்கே தாயிங்காரு. அப்ப பேப்பர்லதான போடணும்?”

கோமதிசங்கர் அவளைத் தில்லைநாயகத்தின் அறைக்கு அழைத்துப் போனார். பெயரைச் சொன்னதும் நிறுவனர்-ஆசிரியர் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். ‘அச்சேறியது அழியாது’ சட்டம் ஒருபக்கம் சாய்ந்தது. அவருடைய கை இழுப்பறைக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடிற்று. அவள் செருப்பைக் கண்டபிறகு மூச்சு வந்தது. மூச்சோடு தோரணையும் வந்தது.

“உட்காரு தாயி. நீ உயிரோடு இருப்பதில் நமக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் அது உன் சொந்த விஷயம். பத்திரிகையின் நிலைப்பாடு வேறு.”

“நெலப்பாடா? நான் செத்துட்டேன்னு நீங்கதான போட்டிய?”

“எங்கே போட்டோம்? உன் தகப்பனார் சொன்னார், வெளியிட்டோம். லட்சோபலட்சம் வாசகர்கள் நம்புகிறார்கள். அவர்கள் நம்பிக்கையில் நாம் கல்லெறிவதா? வே கோமதி, நாளன்னிக்கு மெஷினுக்குப் பொத்தான் அமுக்கப் பெரியவங்க வராங்க. இவளை எங்கயாச்சும் பத்திரமா உக்கார வையும்.”

“ஐயா, ரெண்டே வரி,” என்றார் கோமதிசங்கர். “அன்னைக்கு வெட்டுன ரெண்டு வரி. அதை மட்டும் போட்டாப் போதும்.”

“மறுப்பு போடும் வழக்கம் நம்மிடம் கிடையாது. ஒருவேளை...” அவர் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். “‘ஆசிரியர் முன் முத்துராணி காட்சி’ என்று போடலாமா? படத்தோடு?”

முத்துராணி எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

கீழே விளம்பரப் பிரிவில் இப்ராஹிம் மலர் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். விவரம் கேட்டதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “சேதியாப் போட்டாத்தான முதலாளி பாப்பாரு, வெட்டுவாரு? இந்தக் கட்டடத்துல ஆண்டவனே வந்தாலும் வெட்ட முடியாதது ஒண்ணு இருக்குல்லா?”

கோமதிசங்கருக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவரே முத்துராணியைக் கவுண்டருக்குக் கூட்டிப்போனார்.

கவுண்டரில் இருந்த சுப்ரஜா பேனாவை எடுத்தாள். “என்ன தலைப்புலக்கா போடணும்? வரன், வாடகை, பெயர் மாற்றம், காணவில்லை, கண்ணீர் அஞ்சலி...”

“உயிரோட இருக்கேன்னு போடணும்.”

“அப்படி ஒரு தலைப்பு இல்லியேக்கா. இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

“தலைப்பு வேண்டாம்மா,” என்றார் கோமதிசங்கர். “மலர்ல வேண்டாம், முதல் பக்கத்துல. அடியில, குறுக்கப் பட்டையா ரெண்டு வரி.”

கொடைக்கு முந்தின இரவு பக்கம் கட்டும்போதும் முதல் பக்கத்தின் அடியில் வழக்கம்போல் இரண்டு வரி இடம் காலியாக நின்றது. பட்டை அதில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. இப்ராஹிம் கோமதிசங்கரைப் பார்த்தார், அவ்வளவுதான். தில்லைநாயகம் முதல் பக்கத்தை வாங்கி, தன் படம் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தார். அடியில் புதிதாக ஒரு விளம்பரம் இருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விளம்பரங்களை அவர் படிப்பதில்லை, ரசிப்பார்.

கொடையன்று காலை முதல் பஸ்ஸில் பெருமாள்ராஜ் ஆலடிப்பத்துக்குப் பேப்பர்க் கட்டை இறக்கினான். பந்தல், ஒலிபெருக்கி, தோரணம். கோமதிசங்கரும் முத்துராணியும் அதே பஸ்ஸில் இறங்கினார்கள். அவளைக் கண்டதும் கூட்டம் பயபக்தியோடு விலகி வழி விட்டது. பீடத்தடியில் சுடலைக்கண்ணு கைகூப்பி நின்றார்.

கோமதிசங்கர் பேப்பரை உருவிப் பெருமாள்ராஜிடம் நீட்டினார். “நீரே வாசியும் வே. அடியில.”

பெருமாள்ராஜ் தலையங்கம் வாசிக்கிற குரலில் வாசித்தான். “‘பஸ் நின்றது; அந்தப் பெண் ஏறி, ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டாள். இப்படிக்கு முத்துராணி, திருப்பூர்.’” பேப்பரைத் தாழ்த்தினான். அவன் முகம் தெளிந்துவிட்டது. “ஏறுனா! நான்தான டிக்கெட் கிழிச்சேன்! பேப்பர்லயே போட்டுட்டானே!”

“இன்னொருக்க வாசிங்கய்யா,” என்றார் சுடலைக்கண்ணு.

வாசித்தான். சுடலைக்கண்ணு பேப்பரை வாங்கி, அந்த இரண்டு வரியின் மேல் விரலை வைத்துக் கடைசிவரை நகர்த்தினார். பிறகு கூப்பிய கை இறங்கியது. பைய நடந்து வந்து மகளின் தலையைத் தொட்டார். முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“காஞ்சிருக்கு,” என்றார்.

“எப்பா...”

“ஏ மூதி! ஒரு கடுதாசி போடணும்னு தோணலையா ஒனக்கு? அஞ்சு வருசமா? ஒண்ணுல்லாட்டி ஒண்ணு ஆள் விட்டுச் சொல்லப்படாதா, கூறுகெட்ட நாயே!”

முத்துராணி சிரித்துக்கொண்டே அழுதாள். ஐந்து வருஷத்தில் அவளை யாரும் திட்டியதில் இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை. கூட்டம் சங்கடத்தோடு நெளிந்தது. வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோலைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து நிறுவனர்-ஆசிரியரின் கார் வந்து நின்றது. பகல் என்பதாலும் தலைமை தாங்க வேண்டியிருந்ததாலும் நேர்வழியில் வந்திருந்தார். கையில் முழக்கம். கார்ப் பயணத்தில் வேறு வேலையில்லாததால் விளம்பரத்தைப் படித்துவிட்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. “கோமதி! இது என்ன வே அக்கிரமம்? மறுப்பு...”

“மறுப்பு இல்லை ஐயா. விளம்பரம்.”

தில்லைநாயகம் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பவனத்தின் சட்டம் அவருக்கே தெரியும்.

சுடலைக்கண்ணு இதையெல்லாம் கவனிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்தபடியே திரும்பிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைச் சேலை சாத்திய மண். அடியில் அவர் தினமும் ஏற்றுகிற விளக்கு.

“இவ இங்கன நிக்கா,” என்றார், யாரிடமும் இல்லாமல். “அப்பம் இத்தன வருசமா அங்கன நிக்குதது யாரு?”

கால்வாய்த் தண்ணீர் பாலத்தடியில் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான் பாத்திருக்கேன் ஐயா. விளக்கு வைக்கயில பின்னால வந்து நிக்கும். ஈர வாடை அடிக்கும். எம் மகன்னு நெனச்சுத்தான் பேசாம இருந்தேன். பயமே இல்ல.” அவர் குரல் இறங்கியது. “யாரு பெத்த புள்ளையோ. அதுக்கும் ஒரு அப்பன் எங்கயாச்சும் தேடிக்கிட்டு இருப்பாம்லா.”

அவர் மகளின் கையை விட்டுவிட்டுப் போய், திரியைத் தூண்டி, எண்ணெய் ஊற்றினார். முத்துராணி தடுக்கவில்லை. சற்றுக் கழித்துத் தன் பையிலிருந்து அப்பாவுக்கென்று வாங்கிவந்த புதுத் துண்டை எடுத்து, பீடத்தில் வைத்தாள். தலை துவட்டிக்கொள்ள.

கூட்டத்துக்கு உயிர் வந்தது. உடுக்கு முழங்கிற்று. தில்லைநாயகத்தின் முகத்தில் கறுப்பு போய், பழைய வெளிச்சம் ஏறிக்கொண்டிருப்பதைக் கோமதிசங்கர் கண்டார்.

“அப்படியானால் அவள் யார்?” என்று முணுமுணுத்தார் நிறுவனர்-ஆசிரியர், கொட்டை எழுத்தில். “வே கோமதி. நாலு காலத் தலைப்பு. தொடரும் மர்மம். தூத்துக்குடிப் பதிப்பு ஒருநாளும் படுக்காது வே!” அப்புறம் மணியைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், மாலை வாங்குவதற்குக்கூட நிற்காமல் காரில் ஏறினார். கார் கடையம் பக்கம் திரும்பியது.

சாயங்காலம் கோமதிசங்கர் பெருமாள்ராஜின் பஸ்ஸில் ஜங்ஷனுக்குத் திரும்பினார். வண்டியில் நல்ல கூட்டம், எல்லாருக்கும் முத்துராணி பேச்சு. உயிரோடு இருக்கிறாள், திருப்பூரில் இருந்தாள், முறுக்குப் பொட்டலம், அப்பன் வைத வசவு. ஒரே சிரிப்பு. பாலம் வந்தது. சிரிப்பு தானாக அடங்கியது. டிரைவர் வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார்.

“இனி என்னத்துக்கு அண்ணாச்சி நிறுத்துதீய?” என்றார் முன்சீட்டில் ஒருவர்.

பெருமாள்ராஜ் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றான். இரண்டு விசிலைக் கொடுக்காமல், யாரோ ஏறி முடிக்கட்டும் என்பதுபோல் கொஞ்சம் பொறுத்தான். பிறகு கொடுத்தான்.

கோமதிசங்கருக்குப் பக்கத்து ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. நிற்கிறவர்கள் பலர் இருந்தார்கள், யாரும் அதைக் கேட்கவில்லை. ஜங்ஷன் வரும்வரை அவரும் நகர்ந்து உட்காரவில்லை.